ஏலத்தில் ஏமாந்த பணம் திரும்புமா?

நமது சங்க மலரில் நான் இதுவரை எழுதிய கட்டுரைகள் எல்லாம் தண்டவாளத்தைச் சுற்றியே வந்தவை. முப்பத்தெட்டு ஆண்டுகள் பெர்மனென்ட் வே பிரிவில் வேலை பார்த்தவனுக்கு வேறென்ன தெரியும்? இந்த முறை ஆசிரியர் குழுவிடம் நானே கேட்டு வாங்கிக்கொண்ட தலைப்பு வேறு. இணையதள ஏலம் ஒன்றில் நான் 35,500 ரூபாய் ஏமாந்ததும், அதில் 22,700 ரூபாயை மீட்டதும், மீதி 12,800 ரூபாய் ஏன் மீளவில்லை என்பதும்தான் விஷயம்.

"இதையெல்லாம் போய் புத்தகத்தில் எழுதுவாங்களா?" என்று என் துணைவியார் கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவரிடம் மெதுவாக இந்தக் கதையைச் சொன்னேன். அவர் இலையைப் பார்த்தபடியே, "எனக்கும் இப்படித்தான் சார், 18,000 போச்சு. வீட்ல இன்னும் சொல்லலை" என்றார். எப்போது என்று கேட்டேன். "எட்டு மாசம் ஆச்சு" என்றார். எட்டு மாதம்! அந்தப் பணத்தைப் பிடிக்க இருந்த நேரமெல்லாம் வெட்கத்திலேயே கழிந்துவிட்டது. அவர் ஒருவருக்காக மட்டுமாவது இதை எழுத வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

வீணை வாங்கிய கதை

என் பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. நம் சங்கக் கட்டிடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் வீணை வகுப்பில் ஒரு வருடமாகக் கற்றுக்கொண்டிருந்தாள். வகுப்பில் இருப்பது நான்கு வீணைகள். பிள்ளைகள் பதினொரு பேர். வீட்டில் சாதகம் செய்யச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அதுவும் 2024 விஜயதசமிக்குள் வேண்டும் என்பது பேத்தியின் உத்தரவு. நாக்பூரில் வீணை எங்கே கிடைக்கும்? தஞ்சாவூரில்தான் வாங்க வேண்டும். பலாமரத்தில் செய்யப்படும் அந்த வீணைக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குடமும் தண்டியும் ஒரே மரத்தில் குடைந்து எடுத்தது என்றால் அதற்கு ஏகாண்ட வீணை என்று பெயர், விலை கூடுதல்.

அந்த நேரத்தில்தான் என் செல்போனில் 'பழைய இசைக்கருவிகள் ஏலம்' என்று ஒரு பக்கம் கண்ணில் பட்டது. ஏகாண்ட வீணை, ஆரம்ப விலை 8,000 ரூபாய், சனிக்கிழமை இரவு 9 மணிக்கு ஏலம் முடியும் என்று போட்டிருந்தது. நான் 9,000 என்றால் இன்னொருவர் 10,000 என்பார். நான் 20,000 என்றால் 22,000 என்று வரும். எங்கள் தெரு கணபதி பந்தலில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. இங்கே எனக்கு நெஞ்சு படபடத்தது. கடைசியில் 31,500 ரூபாய்க்கு ஏலம் என் பெயரில் முடிந்தது. எதிரே கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவனுடைய ஆட்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது. "வணக்கம் ஐயா, தஞ்சாவூர்லேருந்து பேசறோம். வீணை உங்க பேத்திக்குத்தான்னு எழுதியிருக்கு போலிருக்கு" என்றது ஒரு குரல். அழகான தமிழ். எனக்கு உருகிவிட்டது. நம்மைப் போல் வெளி மாநிலத்தில் நாற்பது வருடம் கழித்தவர்களுக்கு, போனில் ஊர்த் தமிழ் கேட்டால் பாதி சந்தேகம் அப்போதே போய்விடுகிறது. இதே வார்த்தைகளை ஒருவன் இந்தியில் சொல்லியிருந்தால் நான் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். தமிழில் சொன்னதால் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

சனிக்கிழமை இரவே யூபிஐ மூலம் 15,000 அனுப்பினேன். ஞாயிறு காலை, "ஐயா, மீதியைக் கட்டினாத்தான் பேக்கிங் ஆரம்பிக்க முடியும்" என்று ஒரு லிங்க் வந்தது. கிரெடிட் கார்டு எண்ணைப் போட்டு 16,500 கட்டினேன். திங்கட்கிழமை லாரி இன்சூரன்ஸ் என்று 4,000 கேட்டார்கள். பொருள் கையில் கிடைத்ததும் திரும்ப வரும் பணமாம். வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை பகல் 1 மணிக்கு ஜிஎஸ்டி என்று 5,700 கேட்டபோதுதான் எனக்கு விழித்தது. ஊரே விநாயகரை வழியனுப்பிக்கொண்டிருந்த நாள் அது. நான் என் 35,500 ரூபாயை வழியனுப்பிவிட்டேன் என்று புரிந்தது.

புரிந்ததும் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ரயில்வேயில் ஒரு நட்டு போல்ட் குறைந்தாலும் கணக்குக் கேட்டவன் இப்படி ஏமாந்தான் என்று தெரிந்தால் மகன் என்ன நினைப்பான் என்று பயந்தேன். வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு, நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மருமகள், "மாமா, என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்டபோதுதான் வாய் திறந்தேன். இடையில் போனது 52 மணி நேரம்.

ஓடிப்போன வேகன்

ரயில்வேயில் பழைய ஆட்களுக்கு இது தெரியும். ஸ்டேஷனில் நிற்கும் வேகன் ஒன்று பிரேக் பிடிக்காமல் தானாக உருண்டு ஓட ஆரம்பித்தால், ஸ்டேஷன் மாஸ்டர் அதன் பின்னால் ஓட மாட்டார். உடனே அடுத்த ஸ்டேஷனுக்குச் செய்தி சொல்வார். அங்கே பாயிண்டை மாற்றிப் பாதுகாப்பான பாதையில் திருப்பி வேகனை நிறுத்துவார்கள். அந்த ஸ்டேஷனையும் தாண்டிவிட்டால் அதற்கடுத்த ஸ்டேஷன். செய்தி வேகனைவிட முன்னால் போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மோசடிப் பணமும் அப்படித்தான் ஓடுகிறது. நாம் அனுப்பிய பணம் முதலில் யாரோ ஒருவர் பெயரில் உள்ள கணக்கில் விழும். அந்தக் கணக்குக்காரர் பெரும்பாலும் உண்மையான மோசடிக்காரராக இருக்க மாட்டார். கமிஷனுக்குத் தன் கணக்கை வாடகைக்கு விட்டவராக இருப்பார். அங்கிருந்து பணம் இரண்டு மூன்று கணக்குகளாகப் பிரியும். கடைசியில் ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வரும். நோட்டாக மாறும் வரை பணம் ஏதோ ஒரு வங்கியில் இருக்கிறது. அதுவரைதான் அதை நிறுத்த முடியும். விற்றவனுக்குப் போன் போட்டுக் கெஞ்சுவதும் திட்டுவதும் வேகனுக்குப் பின்னால் ஓடுவது போல.

முதல் வேலை: 1930

அடுத்த ஸ்டேஷனுக்குச் செய்தி சொல்லும் டெலிபோன்தான் 1930. மத்திய உள்துறை அமைச்சகம் 2021-இல் 155260 என்ற எண்ணில் தொடங்கிய இந்த உதவி எண், பிறகு 1930 என்று சுருங்கியது. நாடு முழுவதற்கும் ஒரே எண். நாம் எந்த மாநிலத்தில் இருக்கிறோமோ அந்த மாநிலப் போலீஸார் எடுத்துப் பேசுவார்கள். நாம் சொல்லும் விவரம் நம் வங்கிக்கும், அங்கிருந்து பணம் போன வங்கிக்கும், அதற்கடுத்த வங்கிக்கும் கம்ப்யூட்டர் வழியாகவே போகிறது. பணம் எந்த வங்கியில் மீதி இருக்கிறதோ அந்த வங்கி அதை எடுக்க முடியாமல் நிறுத்திவைக்கிறது.

போன் செய்யும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

1. உங்கள் வங்கியின் பெயர், கணக்கு எண் அல்லது கார்டின் கடைசி நான்கு எண்கள்.
2. பணம் போன தேதி, நேரம், தொகை. மூன்று முறை அனுப்பியிருந்தால் மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும்.
3. ஒவ்வொன்றுக்கும் உள்ள பரிவர்த்தனை எண். யூபிஐ என்றால் 12 இலக்க எண். ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும்.
4. பணம் போய்ச் சேர்ந்த யூபிஐ முகவரி அல்லது கணக்கு எண்.
5. விற்றவனின் செல்போன் எண், அவன் பக்கத்தின் பெயர், முகவரி.

நாக்பூரில் மராத்தியிலோ இந்தியிலோதான் பெரும்பாலும் பேசுவார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு அவசரத்தில் இந்தி வராது. ஆகவே பிள்ளைகளை, பக்கத்து வீட்டுக்காரரை, யாரையாவது கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். வெட்கத்தை அப்புறம் பட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் மருமகள்தான் பேசினாள். எடுத்த பெண் காவலர், "காகா, செவ்வாய்க்கிழமையே ஏன் பண்ணலை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

போன் முடிந்ததும் எஸ்எம்எஸ்ஸில் ஒப்புகை எண் வரும். அதை வைத்துக்கொண்டு 24 மணி நேரத்துக்குள் 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' என்ற அரசு இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். போனோடு விட்டுவிட்டால் புகார் பாதியில் நிற்கும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கோபத்தில் அவனுடைய எண்ணை பிளாக் செய்து, பேச்சையெல்லாம் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. ஏலப் பக்கம், வீணைப் படம், கேட்புத் தொகைகள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனிலும் போட்டுவையுங்கள். நாங்கள் புகார் கொடுத்த மறுநாளே அந்தப் பக்கம் காணாமல் போய்விட்டது. அதேபோல், 1930-க்குச் சொல்வதற்கு முன் "உன்னைப் போலீஸில் கொடுக்கிறேன்" என்று அவனிடம் சொல்லாதீர்கள். அது அவனுக்கு லைன் கிளியர் கொடுத்தது போல் ஆகிவிடும்.

பணம் போன வழியைப் பாருங்கள்

மூன்று வழியில் பணம் கொடுத்த என் முட்டாள்தனத்தில் ஒரு லாபம் உண்டு. ஒவ்வொரு வழியிலும் மீட்பு எப்படி நடக்கிறது என்று நேரில் தெரிந்துகொண்டேன்.

கிரெடிட் கார்டில் போன பணத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம். 'பொருள் வந்து சேரவில்லை' என்று கார்டு கொடுத்த வங்கியிடம் தகராறு மனு கொடுக்கலாம். வங்கி அதை விற்றவன் பக்கத்து வங்கிக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்கும். இதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். டெபிட் கார்டுக்கும் இது உண்டு. பெரிய கார்டு நிறுவனங்களின் விதிப்படி பொதுவாக 120 நாள் வரை இதற்குக் கெடு. ஆனால் நம் வங்கி தன் வசதிக்குக் குறைந்த நாள் வைத்திருக்கலாம். அதனால் அந்த வாரமே கொடுத்துவிடுவது நல்லது. நான் வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போய் மனு கொடுத்தேன். ஏலப் பக்கத்தின் படம், 'அனுப்பிவிட்டோம்' என்று அவன் அனுப்பிய பொய் லாரி ரசீது, அந்த ரசீது எண் தங்களுடையது இல்லை என்று லாரி கம்பெனி எழுதிய பதில், 1930 ஒப்புகை எண் ஆகியவற்றை இணைத்தேன். டிசம்பர் முதல் வாரம் 16,500 ரூபாயும் கணக்கில் வந்தது.

யூபிஐ, வங்கிப் பரிமாற்றம் இரண்டிலும் நிலைமை வேறு. பின் எண்ணைப் போட்டு நாமே அனுப்பிய பணம் அது. பணம் அந்த நொடியே போய்ச் சேர்ந்துவிடும். ஒரு தனி ஆளின் கணக்குக்கு அனுப்பியிருந்தால், பொருள் வராவிட்டால் திருப்பித் தரும் ஏற்பாடு அதில் இல்லை. வங்கியும், "நீங்கள்தானே அனுப்பினீர்கள்?" என்று கேட்கும். இருந்தாலும் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையின் கீழேயே புகார் பதிவு செய்யுங்கள். வங்கிக்கும் எழுத்து மூலம் சொல்லுங்கள். பணத்தை நிறுத்திவைப்பது என்னவோ 1930 வழியாகத்தான்.

இங்கே பலரும் ஒரு விதியைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 2017 ஜூலை மாதம் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. நம் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல், நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை என்பது அதன் சாரம். 'நமக்குத் தெரியாமல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாமே ஏமாந்து அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது என்று வங்கிகள் சொல்கின்றன. ஆனால் அவன் அனுப்பிய லிங்கைத் தொட்ட பிறகு, நீங்கள் அனுப்பாத தொகையும் கணக்கிலிருந்து போயிருந்தால், அதைத் தனியாகப் பிரித்து இந்த விதியின் கீழ் கேளுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதாதீர்கள்.

புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் வங்கி பதில் தரவில்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். 2021 நவம்பரில் ஒருங்கிணைந்த ஓம்புட்ஸ்மன் முறை வந்தது. கட்டணம் கிடையாது. வங்கியில் கொடுத்த புகாரின் நகலும் தேதியும் கையில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது.

போலீஸும் கோர்ட்டும்

"விற்றவன் தஞ்சாவூர்க்காரன், அங்கே போய்ப் புகார் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற வழிகளிலும் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் மூன்று நாட்களுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஏமாற்றிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவில் வரும். கம்ப்யூட்டர் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் வரும். புகாரில் இரண்டையும் குறிப்பிட்டால் எழுதிக்கொள்பவருக்கும் வேலை சுலபம்.

என் விஷயத்தில் யூபிஐயில் போன 15,000, நேராகப் போன 4,000 ஆக மொத்தம் 19,000 ரூபாய் ஒரே கணக்கில்தான் விழுந்திருந்தது. அந்தக் கணக்கு தஞ்சாவூரிலும் இல்லை, தமிழ்நாட்டிலேயே இல்லை. வியாழக்கிழமை மாலை நாங்கள் போன் செய்தபோது அதில் என் பணமாக மிஞ்சியிருந்தது 6,200 ரூபாய். அதை நிறுத்தினார்கள்.

நிறுத்தியதாலேயே பணம் நம் கைக்கு வந்துவிடாது. போலீஸ் வழியாகப் பணம் இருக்கும் இடத்தை உறுதி செய்துகொண்டு, அந்தப் பணத்தை உரியவரிடம் ஒப்படைக்கும்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு கொடுத்தேன். அந்தச் சட்டத்தின் 503-ஆவது பிரிவு இதற்குத்தான். சைபர் பிரிவில் இருந்தவர்களே மாதிரி மனு காட்டினார்கள். ஐந்து முறை நடந்தேன். 2025 பிப்ரவரியில் 6,200 ரூபாய் கணக்கில் வந்தது. நடக்கச் சலித்திருந்தால் அந்தப் பணம் வங்கியிலேயே கிடந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் விசாரணை அதிகாரி அந்தக் கணக்கின் வரவு செலவை எனக்குக் காட்டினார். திங்கட்கிழமை 2,800 ரூபாய் வேறு கணக்குக்குப் போயிருந்தது. அது போனது போனதுதான். ஆனால் 10,000 ரூபாய் எடுத்தது புதன்கிழமை காலை 7 மணி, ஏடிஎம்மில். நான் ஏமாந்தேன் என்று தெரிந்தது செவ்வாய் பகல் 1 மணிக்கு. நடுவில் 18 மணி நேரம். அந்தப் பதினெட்டு மணி நேரமும் என் பணம் அசையாமல் அந்தக் கணக்கில் உட்கார்ந்திருந்தது. நான் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்த 10,000 ரூபாயை எடுத்தது மோசடிக்காரன் என்றாலும், எடுக்க விட்டது என் வெட்கம்தான். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

விற்றவன் யாரென்று தெரிந்தால்

எல்லா ஏலமும் மோசடி ஆகாது. விற்றவன் உண்மையான கடைக்காரனாக இருந்து, உடைந்த பொருளை அனுப்பியிருக்கலாம். படத்தில் ஒன்று, பெட்டியில் ஒன்று என்று வந்திருக்கலாம். அப்போது போலீஸைவிட நுகர்வோர் சட்டம்தான் பயன்படும்.

பெரிய வணிகத் தளம் ஒன்றின் மூலம் வாங்கியிருந்தால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பொருள் வாங்கியவர் எழுத்து மூலம் கேட்டால் விற்றவரின் முகவரி முதலிய விவரங்களைத் தளம் தர வேண்டும் என்பதும் அதே விதி. அடுத்தபடி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதில் தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். முன்பிருந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ, பிரச்சினை எழுந்த இடத்தையோ பார்த்துத்தான் வழக்குப் போட வேண்டும். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று சொல்லிவிட்டது. ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இதைவிட உதவியான மாற்றம் வேறில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2025 ஜனவரி முதல் ஈ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு தாக்கல் செய்யலாம். ஆனால் நோட்டீஸ் அனுப்ப எதிர்த்தரப்பின் உண்மையான பெயரும் முகவரியும் வேண்டும். என் வீணைக்காரனைப் போல் ஊரும் பேரும் பொய்யாக உள்ளவனிடம் இது செல்லாது.

இரண்டாவது வலை

ஏமாந்த ஆத்திரத்தில் என் கதையைச் செல்போனில் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிட்டேன். இரண்டாம் நாளே ஒருவன் கூப்பிட்டான். "நான் சைபர் ஆபீசர். உங்கள் பணம் முழுக்கக் கிடைத்துவிட்டது. ஃபைல் சார்ஜ் 2,500 கட்டினால் இன்றே அனுப்புகிறேன்" என்றான். ஒரு முறை சுட்ட கை, வைத்துவிட்டேன். அடிபட்டவனைத் தேடி வரும் இந்தக் கூட்டம் தனி. அரசாங்கத்தில் எந்த அதிகாரியும் பணத்தை மீட்டுத்தர முன்பணம் கேட்க மாட்டார். பணம் வாங்கிக்கொள்ள நாம் பின் எண் போட வேண்டியதில்லை; ஓடிபி சொல்ல வேண்டியதில்லை; அவர்கள் சொல்லும் ஆப் எதையும் போனில் ஏற்ற வேண்டியதில்லை. வங்கியின் எண் வேண்டுமென்றால் கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள், இணையத்தில் தேடாதீர்கள். அங்கே பொய் எண்கள் நிறைய இருக்கின்றன.

ஏலம் கேட்கும் முன்

பணியில் இருந்த நாட்களில் டிப்போவில் பழைய தண்டவாளம், ஸ்லீப்பர் எல்லாம் ஏலம் போவதைப் பார்த்திருக்கிறேன். வியாபாரிகள் முதல் நாளே வந்து ஒவ்வொரு லாட்டையும் சுற்றிப் பார்ப்பார்கள், சுண்டிப் பார்ப்பார்கள். 'பார்க்காத லாட்டுக்குக் கை தூக்காதே' என்பது அவர்கள் வேதம். இப்போது ரயில்வே ஏலமும் ஐஆர்ஈபிஎஸ் என்ற அரசு இணையதளத்துக்குப் போய்விட்டது. அங்கேயும் பதிவு செய்த வியாபாரிகள்தான் கேட்க முடியும். இதையெல்லாம் பார்த்த நான் பார்க்காத வீணைக்குக் கை தூக்கினேன்.

நம் நாட்டில் இணைய ஏலம் புதிதல்ல. 2000-இல் பாஸி என்ற தளம் தொடங்கியது. 2004-இல் அதை ஈபே வாங்கியது. அதில் பைசாபே என்று ஓர் ஏற்பாடு இருந்தது. வாங்குபவர் பணம் நேரே விற்பவருக்குப் போகாது; நடுவில் நிற்கும். பொருள் வந்து சேர்ந்த பிறகே விற்பவர் கைக்குப் போகும். அந்த இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. என்னிடம் நடந்தது போன்ற செல்போன் ஏலங்களில் அப்படி நடுவர் யாரும் கிடையாது. கேட்பதற்கு முன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பொருள் வராவிட்டால் என் பணம் யார் கையில் இருக்கும்? 'அவன் கையில்' என்பது பதிலானால் விலகிவிடுங்கள். பொருளைக் கண்ணால் பார்த்துச் சொல்ல அந்த ஊரில் நமக்கு ஒரு ஆள் இல்லாமலா போய்விடும்? என் தங்கை வீடு கும்பகோணத்தில்தான் இருக்கிறது. ஒரு போன் போட எனக்குத் தோன்றவில்லை.

அந்த விஜயதசமிக்குப் பேத்தி சங்கத்து வீணையில்தான் வாசித்தாள். மார்கழியில் தங்கை மகன் தஞ்சாவூருக்கு நேரே போய், செய்பவர் பட்டறையிலேயே பார்த்து, தட்டி, வாசித்துக் காட்டச் சொல்லி ஒரு வீணையை வாங்கிக்கொண்டு ரயிலிலேயே கொண்டுவந்தான். ஏகாண்டம் இல்லை, ஒட்டு வீணைதான். நாதம் நன்றாகவே இருக்கிறது.

பொங்கல் பந்தியில் பேசிய நண்பர் அடுத்த வாரமே வீட்டில் சொல்லிவிட்டார். எட்டு மாதம் தாமதித்துப் புகார் கொடுத்ததில் அவருக்குப் பணம் எதுவும் திரும்பவில்லை. ஆனால் அவர் மனைவி சொன்ன ஒரு வார்த்தையை அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்: "பணம் போனதுகூடப் பரவாயில்லைங்க. எட்டு மாசமா தனியா சுமந்தீங்களே, அதுதான் கஷ்டமா இருக்கு."

நம் வீட்டில் யாராவது இப்படி ஏமாந்து வந்து நின்றால், முதலில் திட்டாதீர்கள். "எப்போது போச்சு?" என்று மட்டும் கேட்டு 1930-க்குப் போன் செய்யுங்கள். மற்றதை மறுநாள் பேசிக்கொள்ளலாம்.